கனமான ரோபோவை நான் தேர்ந்தெடுத்த கதை

கடைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது எழுதிக் கொடுக்கும்படி முதலாளி கேட்டிருக்கிறார். "நீச்சல்குளத்துக்கு வயர் இல்லாத ரோபோவ எப்படித் தேர்ந்தெடுத்துக் குடுக்கறதுன்னு எழுதுங்க ஏழுமலை, ஒரு பக்கம் போதும்" என்றார். ஒரு பக்கத்தில் எழுதக்கூடியதெல்லாம் ரோபோ வரும் அட்டைப்பெட்டியிலேயே அச்சடித்திருக்கிறது. குளத்தின் நீளம், ஆழம், தரையில் என்ன ஓடு, சுவரில் ஏறுமா, படிக்கட்டைத் துடைக்குமா, ஒரு சார்ஜில் எத்தனை நேரம் ஓடும். இவற்றை இரண்டே வாரத்தில் என்னைவிட வேகமாக ஒப்பிப்பீர்கள். அதற்கு நான் வேண்டியதில்லை.

இருபத்தாறு வருடம் இந்த ஊரில் அடுத்தவர் வீட்டுக் குளங்களைச் சுத்தம் செய்துவிட்டு, போன வருடம் ஓய்வு பெற்றவன் நான். எனக்கு நீச்சல் தெரியாது. இதைக் கேட்டுச் சிரிக்காத வாடிக்கையாளரை நான் பார்த்ததில்லை. நீங்களும் சிரித்து முடித்துவிடுங்கள், பிறகு ஆரம்பிக்கலாம்.

முதலில் சின்னத் தவறு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பெரியது பின்னால் வருகிறது.

மூலக்குளத்தில் ஒரு பல் மருத்துவர் வீடு. புது வீடு, புதுக் குளம். நான் டேப் பிடித்து நீளம் அளந்தேன், அகலம் அளந்தேன், ஆழத்தை மூன்று இடத்தில் அளந்தேன். அப்படி அளந்து ஒரு நல்ல ரோபோவாகப் பார்த்துக் கொடுத்தேன். மூன்றே மாதத்தில் பேட்டரி படுத்துவிட்டது. போய்ப் பார்த்தால் குளத்தைச் சுற்றி எங்குமே நிழலில் ஒரு பிளக் பாயின்ட் இல்லை. மனிதர் மொட்டை வெயிலில், கால் வைக்க முடியாத சிமெண்டுத் தரையில் வைத்துச் சார்ஜ் போட்டிருக்கிறார். "எல்லாத்தயும் நீங்கதான சார் அளந்தீங்க?" என்று கேட்டார். அதற்குப் பிறகு எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் நிழலில் பிளக் பாயின்ட் எங்கே என்று தேட ஆரம்பித்தேன். அந்தத் தவறிலிருந்து நான் கற்றது அவ்வளவுதான். தண்ணீரிலிருந்து சுவருக்குத் திரும்பினேன், ஆள் பக்கம் திரும்பவில்லை.

இந்தத் தொழிலைப் பற்றி உங்களுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்: இது பேச்சுத்துணை இல்லாத வேலை. நாம் போகும் நேரத்தில் அந்த வீடுகளில் ஆள் இருக்க மாட்டார்கள். காவலாளி கேட்டைத் திறப்பார், பக்கவாட்டுச் சந்து வழியாகப் பின்னால் போவோம். சாய்வு நாற்காலி இருக்கும், ஈரத்துண்டு இருக்கும், காற்றுப் போன மிதவை வளையம் ஒன்று மிதந்துகொண்டிருக்கும். குளித்தவர்களைப் பார்க்க மாட்டோம். என் மனைவி இறந்து, மகளும் திருமணமாகி ஓசூரில் இருந்துவிட்ட பிறகு, காலையில் வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பினால் திரும்பி வரும்வரை நான் பேசியதை விரல்விட்டு எண்ணிவிடலாம். "கேட்டத் தெறங்க." "மருந்து போட்டிருக்கு, இன்னிக்கி எறங்காதீங்க." "வரேன்." அவ்வளவுதான். சில நாள் வீட்டுக்கு வந்து தொண்டையைக் கனைத்துப் பார்த்துக்கொள்வேன், குரல் இருக்கிறதா என்று. தனிமை என்ற சொல்லை நான் யாரிடமும் சொன்னதில்லை. இப்போது எழுத்தில் சொல்வது சுலபமாக இருக்கிறது.

பிள்ளைச்சாவடிக்குக் கொஞ்சம் முன்னால், கடல் பக்கமாகத் திரும்பும் தெருவில் ஒரு வீடு. வாசலில் ஒற்றைச் சவுக்கு மரம். அங்கே மதாம் இருந்தார். பெயர் வேண்டாம், நாங்கள் எல்லோரும் மதாம் என்றுதான் அழைத்தோம். வயது எழுபத்தெட்டு. ஊரில் பழைய கத்தோலிக்கக் குடும்பம். கணவர் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர், நம் ஊரில் சொல்தா என்போமே, அப்படி. அவர் ஆசைப்பட்டு வெட்டிய குளம் அது. எட்டு மீட்டர் நீளம், ஒரு முனையில் இடுப்பளவு, மறுமுனையில் ஆள் மூழ்கும் ஆழம். குளம் கட்டி இரண்டு வருடத்தில் அவர் காலமாகிவிட்டார். ஒரே மகன் பஸ்கால் பிரான்ஸில். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வக்கான்ஸ் என்று அவர்கள் சொல்லும் கோடை விடுமுறைக்கு மனைவியையும் மகளையும் அழைத்துக்கொண்டு வருவார். அந்த மூன்று வாரத்துக்காக அந்தக் குளம் மீதிக் காலம் முழுவதும் நீலமாகக் காத்திருக்க வேண்டும். மதாம் அதில் கால்கூட நனைத்ததில்லை.

செவ்வாயும் வெள்ளியும் காலை எட்டு மணிக்கு நான் போவேன். குளத்தருகே ஓட்டுத் தாழ்வாரத்தில் பிரம்பு நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார்.

"வாங்க, முசியே ஏழுமலை."

முசியே என்றால் பிரெஞ்சில் ஐயா; என்னை அப்படி அழைத்தவர் இந்த உலகத்தில் அவர் ஒருவர்தான். அது மரியாதையா கேலியா என்று எனக்கு முதல் வருடம் முழுக்கத் தெரியவில்லை. இரண்டும்தான் என்று பிறகு புரிந்தது.

"தண்ணி எப்படி இருக்கு, முசியே?"

"அமிலம் கொஞ்சம் தூக்கலா இருக்கு, மதாம்."

"எனக்கும் அதேதான். டாக்டர் ஊறுகாயத் தொடாதீங்கன்னுட்டார். தண்ணிக்கு என்ன வைத்தியம்?"

"சோடா போடணும்."

"அத எனக்குப் போட்டுடாதீங்க."

வாரத்துக்கு இரண்டு முறை இதே பேச்சு. கேட்கிற உங்களுக்கு அலுப்பாக இருக்கும், எங்கள் இருவருக்கும் அலுக்கவில்லை. நான் நீளக் கம்பில் துடைப்பானை மாட்டித் தரையைத் தேய்த்து, குழாயால் மணலை உறிஞ்சி எடுத்து முடிக்க ஒன்றரை மணி நேரம் ஆகும். முடிந்ததும் காபி, வெண்ணெய் தடவிய ரொட்டி. "சாப்டீங்களா?" என்று கேட்காமல் ஒருநாளும் அனுப்பியதில்லை. மற்ற வீடுகளில் என் பெயர் தெரியாது, "பூல்காரர்" என்பார்கள். இங்கே என் மகள் போன் பண்ணினாளா என்பதுவரை விசாரணை நடக்கும்.

ஒரு விடுமுறைக்கு வந்தபோது பஸ்கால் இதைப் பார்த்தார். நல்ல மனிதர், குறை சொல்ல மாட்டேன். அம்மா காலையிலேயே சேலை மாற்றிக்கொண்டு எனக்காகக் காத்திருப்பதை அவர் வேறு விதமாகப் புரிந்துகொண்டார். திரும்பிப் போனதும் எனக்குப் போன் செய்தார்.

"அங்கிள், அம்மா எதுக்காகவும் யாரயும் எதிர்பாத்து ஒக்காந்திருக்கக் கூடாது. இங்க எல்லார் வீட்லயும் வயர் இல்லாத ரோபோதான். ரெண்டு பாத்து வச்சிருக்கேன், அனுப்பறேன். நீங்க எது சொல்றீங்களோ அத உங்க கடையிலயே வாங்கிடுவோம்."

பிரெஞ்சில் இருந்த இரண்டு பக்கங்கள் என் வாட்ஸாப்புக்கு வந்தன. எனக்குப் பிரெஞ்சு தெரியாது, படமும் எண்களும் போதும். இரண்டுமே நம் கடையில் இருந்த மாடல்கள்தான்.

ஒன்று சின்னது. லேசானது. வேலை முடிந்ததும் தானாகச் சுவரில் ஏறித் தண்ணீர் மட்டத்துக்கு வந்து, விளிம்பில் ஒட்டிக்கொண்டு நிற்கும். கைப்பிடியைப் பிடித்து எடுத்துவிடலாம். இன்னொன்று பெரியது. இழுவை அதிகம், வடிகட்டி நைசானது. ஆனால் பேட்டரி தீர்ந்ததும் அடியிலேயே நின்றுவிடும். நீளக் கம்பில் கொக்கி மாட்டி மேலே இழுத்துத்தான் தூக்க வேண்டும். பெரியதைப் பற்றி ஒன்றை நன்றாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீருக்குள் இருக்கும்வரை அது பஞ்சு. தண்ணீரை விட்டு வெளியே வரும் அந்த ஒரு நொடியில், வயிறு நிறைய நீரோடு, இரண்டு மடங்கு கனக்கும். வாலிபர்களையே அது ஒரு அடி முன்னால் இழுக்கும்.

மூன்று நாள் யோசித்துச் சொல்கிறேன் என்று பஸ்காலிடம் சொன்னேன். யோசிக்க ஒன்றும் இல்லை. எழுபத்தெட்டு வயதில் தனியாக இருக்கும் பெண்மணிக்கு எது என்று, படத்தைப் பார்த்த முதல் நிமிடத்திலேயே எனக்குத் தெரியும். நேற்றுச் சேர்ந்த உங்களுக்கும் தெரியும்.

மூன்றாம் நாள் இப்படி எழுதி அனுப்பினேன்: "கடலோர மணல் மிகவும் நைசானது. பெரிய மாடலே பொருத்தம்."

இதில் பொய் என்று எதையும் நீங்கள் காட்ட முடியாது. மணல் நைசுதான். பெரியது அதை நன்றாகவே எடுக்கும். சின்னதை வாரத்துக்கு இரண்டு தடவைக்குப் பதில் மூன்று தடவை இறக்கினால் அதுவும் எடுத்துவிடும் என்பதை மட்டும் நான் எழுதவில்லை. சின்னது வந்துவிட்டால் மதாமுக்கு நான் தேவைப்பட மாட்டேன். பெரியதைத் தூக்க ஓர் ஆள் வேண்டும். காரணம் இதுதான். நிபுணன் என்று பெயர் வாங்கிய நான் என் நன்மைக்காக வாடிக்கையாளரின் தலையில் கனத்தை ஏற்றினேன்.

ரோபோ வாங்கிய வீட்டுக்கு மாதம் ஒருமுறை தண்ணீர்ப் பரிசோதனை மட்டும் என்பது கடை வழக்கம். ஆகவே கடைக் கணக்கில் என் செவ்வாய், வெள்ளி முடிந்துபோயின. நான் மதாமிடம் சொன்னேன்:

"இத நீங்க தூக்காதீங்க, மதாம். எறக்கறது சுலபம், சக்கர வண்டியில உருட்டி வந்து விளிம்புலேந்து தள்ளிடுங்க. செவ்வாயும் வெள்ளியும் காலைல வேலைக்குப் போற வழியில நான் வந்து எடுத்து வச்சிடறேன்."

மூலக்குளத்தில் இருக்கும் என் வீட்டிலிருந்து கடைக்குப் போகிற வழியில் பிள்ளைச்சாவடி எப்படி வரும் என்று அவர் கேட்கவில்லை. ரோபோவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"அப்ப மிஷின் எதுக்கு, முசியே?"

"அது தேய்க்கும், மதாம்."

"சரி. அது தேய்க்கட்டும். நீங்க வாங்க."

எட்டு மாதம் இப்படி ஓடியது. ஆறு மணிக்கு அவர் அதைத் தள்ளிவிடுவார். எட்டு மணிக்கு நான் போய்க் கொக்கி போட்டு இழுத்து, உள்ளே இருக்கும் குப்பைக் கூடையைக் கழுவி, சவுக்கு இலை சுற்றிய உருளைகளைச் சுத்தம் செய்து, நிழலில் சார்ஜுக்கு வைத்துவிட்டுக் காபி குடிப்பேன். தேய்க்கிற வேலையும் இல்லாததால் பேச்சு நீண்டது. எனக்கு அந்த எட்டு மாதமும் நன்றாக இருந்தது. அதை மறைக்கப் போவதில்லை.

பிறகு எனக்கு இடது கண்ணில் புரை முற்றி ஆபரேஷன் வைத்தார்கள். குனியக் கூடாது, கனம் தூக்கக் கூடாது, வண்டி ஓட்டக் கூடாது, இரண்டு வாரம். மதாமிடம் போய்ச் சொன்னேன்.

"ரெண்டு வாரம் மிஷின எறக்காதீங்க. மணல் படிஞ்சா படியட்டும், நான் வந்து பாத்துக்கறேன்."

"மொதல்ல கண்ணப் பாருங்க, முசியே. மணல் எங்க போயிடப் போவுது?"

கடையில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வேறு ஆளை அனுப்பியிருப்பார்கள். நான் சொல்லவில்லை. சொன்னால், மாதம் ஒருமுறை போக வேண்டிய வீட்டுக்கு நீ ஏன் வாரம் இரண்டு முறை போகிறாய் என்ற கேள்வி வரும். ஒரு தவறை மூட இன்னொன்று. அந்த நேரத்தில் எனக்கு அது தவறாகவே தெரியவில்லை, சின்னச் சங்கடத்தைத் தவிர்ப்பதாகத்தான் தெரிந்தது. உங்களுக்கும் அப்படித்தான் தெரியும், ஜாக்கிரதை.

ஒன்பதாம் நாள் காலை பத்து மணி இருக்கும். தெரியாத எண்ணிலிருந்து போன்.

"சார், அஞ்சலை பேசறேன். மதாம் வூட்டுக்கு மீன் குடுக்கறவ. மதாம் குளத்துல வுழுந்துட்டாங்க சார்."

நான் எழுந்து செருப்பைத் தேட ஆரம்பித்தேன்.

"உசுரோட இருக்காங்க சார், பயப்படாதீங்க. ஏணியப் புடிச்சினு கழுத்தளவு தண்ணில நின்னுனு இருந்தாங்க. எறங்கித் தூக்கிட்டேன். கை ஒடஞ்சிருக்கும்போல இருக்கு. மோட்டார் ரூம்பு செவுத்துல உங்க நம்பருதான் ஒட்டி இருந்துது."

நடந்தது இதுதான். ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் பேசும்போது பேத்தி குளத்தைக் காட்டச் சொல்லியிருக்கிறாள். தரையெல்லாம் மணல். "வியாழக்கிழமை காட்டறேன், கண்ணு" என்று மதாம் சொல்லிவிட்டார். வியாழன் காலை ரோபோவைத் தள்ளிவிட்டிருக்கிறார். அது தேய்த்துவிட்டு ஆழமான முனையில் போய் நின்றுவிட்டது. அப்படியே விட்டுவிடலாம்தான். ஆனால் பளிச்சென்ற நீலத்தின் நடுவே ஒரு கறுப்பு மிஷின் கிடப்பதைப் பேத்திக்கு எப்படிக் காட்டுவது? கொக்கிக் கம்பை எடுத்தார். தண்ணீருக்குள் அது லேசாகவே வந்தது. மேல் மட்டத்துக்கு வந்ததும் ஒரு கையால் கைப்பிடியைப் பிடித்துத் தூக்கியிருக்கிறார். அந்த ஒரு நொடி. மிஷினும் அவரும் சேர்ந்தே உள்ளே போனார்கள். விழும்போது மணிக்கட்டு விளிம்பில் அடிபட்டு உடைந்தது. இரும்பு ஏணி கைக்கு எட்டியது கடவுள் புண்ணியம். ஒரு கையால் பிடித்துக்கொண்டு நிற்க முடிந்தது, ஏற முடியவில்லை. கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் ஆள் இல்லை. அஞ்சலை மீன்கூடையோடு வரும்வரை, ஒரு மணி நேரம், அப்படியே நின்றிருக்கிறார்.

ஆட்டோ பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். கறுப்புக் கண்ணாடியோடு நுழைந்த என்னைப் பார்த்து நர்ஸ், "கண்ணுக்கு மாடியில" என்றார். விளக்கம் சொல்லக்கூடப் பொறுமை இல்லாமல் வார்டுக்குள் போனேன். மதாம் கையில் மாவுக்கட்டோடு படுத்திருந்தார். தலைமுடி இன்னும் ஈரமாக இருந்தது. அத்தனை வருடத்தில் அவரை நனைந்த கோலத்தில் நான் அப்போதுதான் பார்த்தேன்.

"கண்ணுல தண்ணி விடாதீங்க, முசியே. ஆபரேஷன் பண்ண கண்ணு."

உட்கார்ந்தேன். அதற்கு மேல் என்னால் வைத்துக்கொள்ள முடியவில்லை.

"மதாம், அந்தச் சின்ன மிஷினே போதும். அது தானா மேல வந்து நிக்கும். எனக்கு அப்பவே தெரியும். நான்தான் பெரிச சொன்னேன்."

"தெரியும்."

நான் நிமிர்ந்து பார்த்தேன்.

"பஸ்கால் எனக்கும் அனுப்பினான். பிரெஞ்சுல தெளிவாப் போட்டிருந்துது. சின்னது வேல முடிச்சிட்டு விளிம்புக்கு வந்து நிக்கும், வயசானவங்களுக்கு சௌகரியம்னு. ரெண்டு தடவ படிச்சேன்."

"பின்ன ஏன் ஒண்ணும் சொல்லல, மதாம்?"

"நீங்க ஏன் சொல்லல?"

பக்கத்துக் கட்டிலில் யாரோ இருமிக்கொண்டிருந்தார்கள். அப்போது மேசைமேல் இருந்த அவர் போன் அடித்தது. பஸ்கால். கட்டுப்போட்ட கையால் எடுக்க முடியாமல் ஸ்பீக்கரில் போடச் சொன்னார். அம்மாவிடம் பிரெஞ்சிலும் தமிழிலும் மாற்றி மாற்றி அழாக்குறையாகப் பேசிவிட்டு, "ஏழுமலை அங்கிள் இருக்காரா?" என்றார்.

"இருக்கேன் தம்பி."

"எப்படி ஆச்சு? மிஷின்ல ஃபால்ட்டா? இல்ல அம்மாவால இனிமே முடியலையா? உண்மையச் சொல்லுங்க. முடியலன்னா வீட்டப் பூட்டிட்டு அம்மாவ இங்க கூட்டிட்டு வந்துடறேன்."

மதாம் என்னைப் பார்த்து வேண்டாம் என்று தலையை ஆட்டினார். மிஷின் மேல் பழி போடு என்று அதற்கு அர்த்தம். போட்டிருக்கலாம். மிஷின் மறுத்துப் பேசாது. கடைக்கும் நான் பதில் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் மிஷின் பழுது என்றால் அதே பெரியது சரிபார்த்துத் திரும்பி வரும், கொக்கியும் அங்கேயே இருக்கும்.

"ஃபால்ட்டும் இல்ல, அம்மாகிட்ட தப்பும் இல்ல, தம்பி. தேர்ந்தெடுத்தது நான். தப்பு என்னுது. சின்னதே போதும், அத அம்மா ஒரு கையால எடுத்துடலாம். மாத்திக் குடுக்கறேன்."



"அப்ப ஏன் அங்கிள் பெரிசு சொன்னீங்க?"

"மணலப் பாத்தேன், ஆளப் பாக்கல."

அதுவும் பாதி உண்மைதான். முழு உண்மை ஸ்பீக்கரில் சொல்லக்கூடியதாக இல்லை. முதலாளி இதைப் படிக்கும்போது, அன்று அவரிடம் நான் சொன்னதும் அந்தப் பாதிதான் என்று கவனிப்பார். கவனிக்கட்டும், ஓய்வு பெற்றவனை என்ன செய்துவிட முடியும்?

மாற்றிக் கொடுத்தோம். கட்டுப் பிரித்த பிறகு நானே போய்ச் சின்னதை இறக்கிக் காட்டினேன். அருமையான மிஷின். இரண்டு மணி நேரம் ஓடி முடித்துச் சுவரில் ஏறி விளிம்பில் வந்து நின்றது. மதாம் இடது கையால் எடுத்துவிட்டார். தண்ணீர் வடியும்வரை பிடித்துக்கொண்டு, வண்டியில் வைத்தார்.

"பூனைக்குட்டி மாதிரி வந்து நிக்குது, முசியே."

"ஆமாம், மதாம்."

"அப்ப சரி."

"அப்ப சரி, மதாம்."

அவர் வர வேண்டாம் என்று சொல்லவில்லை. நான் வருகிறேன் என்றும் சொல்லவில்லை. ஒரு வீட்டுக்குக் காரணம் இல்லாமல் போவது எப்படி என்று எனக்குத் தெரியவில்லை, அதுதான் விஷயம். கையில் கம்பும் குளோரின் டப்பாவும் இருந்தால் இந்த ஊரில் எந்தக் கேட்டும் எனக்குத் திறக்கும். வெறுங்கையோடு போய், தனியாக இருக்கிற பெண்மணியின் வீட்டு மணியை அடித்து, நான் யார் என்று சொல்வது? இரண்டு முறை வண்டியில் அந்தத் தெருமுனைவரை போனேன். சவுக்கு மரம் தெரிந்தது. இரண்டு முறையும் திரும்பிவிட்டேன். கண் ஆபரேஷனுக்குப் பிறகு என்னைக் கடையில் போன் மேசைக்கு மாற்றியிருந்தார்கள். மாதாந்திரப் பரிசோதனைக்கு வேறு ஆள் போனார்.

போன் மேசையில் ஒரு பதிவேடு உண்டு, இப்போது நீங்கள் எழுதுகிறீர்களே, அதேதான். பெயர், வீடு, மாடல், குறை, என்ன செய்தோம். குறைக்கு நேராக எதுவும் எழுத வேண்டாத நாள் நல்ல நாள் என்று எனக்குப் பெருமை.

ஒரு வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்குமேல், கடை திறந்ததும் முதல் போன்.

"முசியே ஏழுமலை இருக்காரா?"

"நான்தான் பேசறேன், மதாம். கை எப்படி இருக்கு?"

"கை நல்லா இருக்கு. மிஷின் நல்லா வேல செய்யுது."

"சந்தோஷம், மதாம். மேல வந்து நிக்குதா?"

"நிக்குது."

"தண்ணி எப்படி இருக்கு?"

"தண்ணியும் நல்லாத்தான் இருக்கு."

அடுத்த லைனில் இன்னொரு போன் அடித்துக்கொண்டிருந்தது. நான் பதிவேட்டைப் பிரித்துப் பேனாவை எடுத்துக்கொண்டேன்.

"வேற ஏதாவது கம்ப்ளைன்ட் உண்டா, மதாம்?"

பின்னால் அலை இரைச்சல் மட்டும் கேட்டது.

"இல்ல, முசியே. ஒண்ணும் இல்ல. நீங்க வேலையப் பாருங்க."

"சரி, மதாம்."

எழுதிவிட்டு அடுத்த போனை எடுத்தேன். அன்று முழுவதும் அதைப் பற்றி நினைக்கவே இல்லை. இதைத்தான் என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.

ஒன்றரை மாதம் கழித்துப் பரிசோதனைக்குப் போனவர் வந்து, அந்த வீடு பூட்டியிருக்கிறது, மகன் வந்து அழைத்துப் போய்விட்டாராம், குளத்தை இறைத்துத் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டார்கள் என்றார். அன்று மாலையே வெறுங்கையோடு போனேன். கேட்டில் பூட்டு. தெருமுனையில் அஞ்சலை கூடையை இறக்கி வைத்து உட்கார்ந்திருந்தாள்.

"இன்னா சார், இப்ப வர்றீங்க?" என்றாள். கோபமாகத்தான் கேட்டாள்.

"போவறதுக்கு முன்ன ஒரு வெள்ளிக்கெழம உங்களுக்குப் போன் பண்ணாங்க. நான் மீன் ஆய்ஞ்சினு இருந்தேன். ரெண்டு பேருக்குக் காபி போட்டு, ரொட்டி எல்லாம் எடுத்து வச்சினு பண்ணாங்க. ஊருக்குப் போறேன்னு சொல்லணும்னாங்க. வச்சிட்டு, 'அவருக்கு வேல இருக்கு'ன்னாங்க. உங்க காபிய எனக்குக் குடுத்துட்டாங்க."

அவ்வளவுதான் கதை. மதாம் நலமாகத்தான் இருக்கிறார் என்று பஸ்கால் ஒருமுறை எழுதினார். அங்கே ஐந்தாம் மாடியாம். குளம் இல்லை.

ஆகவே ரோபோ கேட்டு யாராவது வந்தால் குளத்தை அளங்கள், பிளக் பாயின்ட்டைத் தேடுங்கள், அதன்பிறகு, "இதைத் தண்ணியிலேந்து யார் தூக்குவாங்க?" என்று கேளுங்கள். தூக்குகிறவரின் கையைப் பாருங்கள். பதில் சொல்லும் முன், அதில் உங்களுக்கு என்ன ஆதாயம் என்றும் ஒரு நிமிடம் பார்த்துக்கொள்ளுங்கள். பழுது என்று போன் வந்தால் எப்போது போக வேண்டும் என்று உங்களுக்குப் பயிற்சி கொடுப்பார்கள். மிஷின் நன்றாக இருக்கிறது, தண்ணீர் நன்றாக இருக்கிறது, ஒன்றும் இல்லை என்று தனியாக இருக்கும் ஒருவர் போன் செய்தால், பேனாவைக் கீழே வைத்துவிட்டு வண்டியை எடுங்கள். கையில் எதுவும் வேண்டாம்.

அந்தப் பழைய பதிவேடு இன்னும் போன் மேசையின் கீழ் இழுப்பறையில்தான் இருக்கிறது. வேண்டுமானால் பிரித்துப் பாருங்கள். பிள்ளைச்சாவடி வீடு, சின்ன மாடல். குறை என்பதற்கு நேராக என் கையெழுத்தில் "இல்லை" என்று இருக்கும்.